பரிசாரி தள்ளிவிட்ட வெற்றிலை

"எடு உன்ட வெத்திலைய! இனி இந்த வாசலுக்கு வராத!"

நல்லரெத்தினம் பரிசாரி தள்ளிய தள்ளில் வெற்றிலை முற்றமெல்லாம் சிதறியது. நாட்டு வைத்தியரான பரிசாரி வெற்றிலையை வாங்காவிட்டால் நோயாளியைக் கைவிட்டார் என்றுதான் எங்கள் பக்கத்தில் அர்த்தம்.

மருதமுனை நெசவுக்காரன் கச்சிமுகம்மது வெற்றிலையைப் பொறுக்கக் குனிந்தான். வயிற்றுப் புண்ணுக்கு மூன்று மாதமாக இவரது அதிமதுரக் கசாயந்தான். வலி விட்டது. இப்போதோ காலும் முகமும் வீங்கி, நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது.

"உங்கள நம்பித்தானே இவர் இரிக்கார், பரிசாரியார்!" என்றாள் மனைவி நாச்சியா.

"நம்பச் சொல்லி நானா கேட்டன்? சாகப்போறவனுக்கு என்ட மருந்த வீணாக்க ஏலா. போங்க!"

சீ, மனிசனா இவர்? 1955இல் பரிசாரியின் ஊரான வீரமுனைக்கு பஸ் ஏது? அவர்களை ஏற்றிவந்த மாட்டுக் கரத்தைக்காரன் நான். எனக்கே கை துறுதுறுத்தது.

ஆஸ்பத்திரி என்றாலே முகத்தைத் திருப்பும் கச்சிமுகம்மது அன்று தானாகவே சொன்னான்:

"கரத்தைய கல்முனை ஆஸ்பத்திரிக்கு விடுங்க காக்கா. இந்தாள்ற முகத்துல முழிக்கிறத்துக்கு, அங்க மௌத்தாப் போனாலும் பரவாயில்ல."

ஆஸ்பத்திரியில் டொக்டர் அவன் காலை அமுக்கினார். குழி விழுந்து அப்படியே நின்றது. பிரஷரும் பார்த்தார்.

"அதிமதுரத்த இண்டையோட நிப்பாட்டுங்க. அது புண்ண ஆத்தும், பொய்யில்ல. கூடினா உடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கிப்போடும். இன்னும் பத்து நாள் பிந்தியிருந்தா நெஞ்சு தாங்கியிராது. இனிப் பயமில்ல."

அவனை வார்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். நாச்சியாவும் கூடப் போனாள். நான் மெல்லக் கேட்டேன்.

"அதிமதுரமெண்டு உங்களுக்கு ஆர் ஐயா சொன்ன?"

டொக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"பரிசாரிதான். நேத்து இஞ்ச வந்து அழுதார். 'என்ட மருந்தாலதான் வீங்கினது. ஆஸ்பத்திரிக்குப் போ எண்டு மூணு தரம் சொல்லிட்டன், கேக்கிறானில்ல. செத்தாலும் என்ட கையாலதானாம். நாளைக்கு விரட்டப்போறன். கோவத்துலயாவது வருவான். நான் சொன்னதெண்டு அவங்களுக்குச் சொல்லிப்போடாதீங்க, திரும்ப என்னட்டயே வந்திருவான்' எண்டார்."

பாயும் போர்வையும் எடுக்க நாச்சியாவை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் பரிசாரியை மண்ணள்ளித் தூற்றாத குறையாகத் திட்டிக்கொண்டே வந்தாள்.

மாட்டை மெல்லத் தட்டினேன். "ஓம் தங்கச்சி, ஈரமில்லாத மனிசன்" என்று நானும் சேர்ந்து திட்டினேன்.