சவுந்தரத்தின் சிரிப்பு

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சவுந்தரம் சிரித்து ஜான்ராஜ் பார்த்ததில்லை. பேசினாலும் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு தலைகுனிந்துதான் பேசுவாள். அந்த முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்க்க அவன் ஏங்கிப்போனான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, பாளையம்பட்டிக்குப் பஸ் ஏற நின்றபோது கேட்டேவிட்டான்.

"மனசுல வேற யாரும் இருந்தா சொல்லிரு. நானே கூட்டிட்டுப் போயி விட்டுட்டு வாரேன்."

"யாருகிட்ட?"

"அவுககிட்டதான். எந்த ஊருன்னு மட்டும் சொல்லு."

சவுந்தரத்தால் அடக்க முடியவில்லை. முந்தானை நழுவ, வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பல்லெல்லாம் பழுப்பும் சாம்பலுமாகக் கோடு கோடாய் இருந்தது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

"சின்னப் பிள்ளையில எனக்கு அடிக்கடி காய்ச்சல் வரும். அம்மா டாக்டரக் கேக்காம மருந்துக்கடையில டெட்ராசைக்ளின் வாங்கி, தேன்ல கலந்து குடுத்தாக. சின்னப் பிள்ளைகளுக்கு அதக் குடுத்தா, முளைக்கிற பல்லுல கறை ஏறிருமாம். பெறகுதான் தெரிஞ்சது. எதப் போட்டுத் தேச்சாலும் போகல. பொண்ணு பாக்க வந்தப்பவே, வாயத் தொறந்து சிரிக்காதன்னு சொல்லிட்டாக."

பஸ் வந்து நின்றது. ஜான்ராஜ் ஏறவில்லை.

"அடுத்ததுல போவம். இன்னொருக்கா சிரி," என்றான்.