சுவருக்கு அந்தப்புறம்

மொன்டானாவின் காலை வெயில் துப்பாக்கி சுடுதளத்து மண்மேட்டில் சாய்ந்து விழுகிறது. லோர்னா மேசைமேல் சுவருக்கு அடிக்கும் ஜிப்சம் பலகைகள் இரண்டை நிறுத்துகிறாள். அவள் வீட்டுப் படுக்கையறைச் சுவரும் அதே பலகைதான். பின்னால் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பால் கேன்கள் ஆறு, வரிசையாக. “இவ்வளவு பாலையும் நீயா குடிச்சே?” என்கிறார் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் டெல்பர்ட். “என் பொண்ணு. மூணு வயசுதான், பசுவையே குடிச்சிடுவா.” காதுக்கு மூடி மாட்டிக்கொண்டு, வீட்டுக் காவலுக்கு வைத்திருக்கும் கைத்துப்பாக்கியால் ஒரே ஒரு தடவை சுடுகிறாள். தண்ணீர் வெயிலில் மின்னிச் சிதறி, மேசை விளிம்பில் சொட்டுகிறது. பட்டதும் விரிந்து நின்றுவிடும் என்று பெட்டிமேல் அச்சிட்டிருந்த தோட்டா, ஆறாவது கேனின் அடியில் கிடக்கிறது. விரியவே இல்லை. அதன் நுனிக் குழியில் சுவரின் வெள்ளைப் பொடி கெட்டியாக அடைத்திருக்கிறது. “சுவர்ல பட்டா சில தோட்டா இப்படித்தான். வேற ரகம் ரெண்டு வச்சிருக்கேன், போட்டுப் பாக்கறியா?” லோர்னா பலகையிலிருந்து கடைசிக் கேன் வரை கையை விரித்து அளக்கிறாள். பிறகு துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறாள். “அப்புறம் வரேன், டெல்பர்ட். என் ரூம் சுவருக்கு அந்தப்புறம்தான் பொண்ணு தூங்கறா. போய் அவ கட்டிலை நகர்த்தணும்.”