முன்கதவு திறந்த நாள்

இங்கிலாந்தில் ஒரு பழைய கல் பண்ணைவீடு. அதன் முன்கதவுக்கு மேலே செதுக்கிய கல்வளைவு உண்டு, கட்டிய ஆண்டும் உண்டு. ஆனால் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும்தான் அந்தக் கதவைத் திறப்பார்கள். அங்கே தனியாக வாழ்ந்த விவசாயி வில்ஃப்ரெட், சமையலறைப் பின்கதவைத்தான் தினமும் காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டு வருவார்.

"என் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை," என்று முன்கதவு குறைபட்டுக்கொள்ளும்.

"உனக்கென்ன, மகாராணி. சேற்றுக் காலால் உதை வாங்குவது நான்," என்று பின்கதவு சலித்துக்கொள்ளும்.

ஒருநாள் காலையில் முன்கதவின் துருப்பிடித்த தாழ்ப்பாளை யாரோ தட்டித் திறந்தார்கள்.

மாலையில் முன்கதவு சொன்னது: "இன்றைக்கு அவர் என் வழியாகத்தான் போனார்."

"உன்னைத் தொட்டாரா?"

"இல்லை. நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்."

மறுநாள் விடிந்ததும் பின்கதவு அந்த உதைக்காகக் காத்திருந்தது.