இடது முட்டி

"டேய் பரத்து, அந்தாளுக்கு இடது முட்டி போச்சுடா! முட்டி உறைய வலதுல மாட்டிக்கினு ஏமாத்துறான். இடது பக்கமே போடா!"

பிரம்மதேசத்து ஆட்கள் நடுவில் நின்று கத்திய பச்சைச் சேலைக்காரியைப் பார்த்ததும் ஜெயப்பிரகாஷுக்கு ரத்தம் கொதித்தது. உப்பளத்தை ஒட்டிய மைதானத்தில் கபடி ஃபைனல். அவன் அனுமந்தை டீமின் கேப்டன். அந்த முட்டி ரகசியம் தனக்கும் பெஞ்சமினுக்கும் மட்டும்தான் தெரியும் என்று நம்பியிருந்தான்.

பெஞ்சமின் கூப்பிட்ட ஊருக்கெல்லாம் ஆடுகிறவன். கடலூர், காரைக்கால், ஓசூர் என்று அவன் போடாத ஜெர்சி இல்லை. பெரிய லீக்கில் ஒரு சீசன் ஓரமாக உட்கார்ந்து எழுந்து வந்ததோடு சரி.

இந்த வயதில் இவன் என்னத்தைப் பிடிப்பான் என்று ஊரே கேட்டும், அடம்பிடித்துக் கூட்டி வந்தது ஜெயப்பிரகாஷ்தான். இன்றைக்குத் தோற்றால் கேப்டன் பதவி போகும். பெஞ்சமினையும் இனி ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள்.

காலையில் வலது முட்டியில் உறையை மாட்டிக்கொண்டே பெஞ்சமின் சொல்லியிருந்தான். "போனது இடது. ஒங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன், வெளிய வுட்டுறாதீங்க."

இப்போது அது மைக் வைக்காத குறையாக ஊருக்கே கேட்டது.

"யார்கிட்டய்யா போய் ஒளறின?" ஜெயப்பிரகாஷ் பல்லைக் கடித்தான்.

"ஆட்டத்தப் பாருங்க கேப்டன்."

பிரம்மதேசத்து பரத் பாடி வந்தான். நேராக பெஞ்சமினின் இடது பக்கம் போய், துணிந்து காலை நீட்டினான். பெஞ்சமின் பாய்ந்து கணுக்காலைப் பிடிக்க, மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்கினார்கள். பெஞ்சமின் இடது காலை ஊன்றி எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டான்.

"தூ! ஒரு கெழவன்கிட்ட மாட்டிக்கினியே, வெக்கமா இல்ல? ஒடஞ்ச முட்டிடா அது! இன்னும் கிட்ட போ!"

அவள் வாய் ஓயவே இல்லை. ஜெயப்பிரகாஷ் கோட்டைத் தாண்டி அவளிடம் பாய, அம்பயர் சட்டையைப் பிடித்து இழுத்து எச்சரித்தார். அந்த ஆத்திரத்திலேயே ரெய்டு போனவன் அநியாயமாக மாட்டிக்கொண்டான். ஸ்கோர் சமமானது.

கடைசி ரெய்டு. மறுபடியும் பரத்.

"இடதுடா! இடது!" அவள் தொண்டை கிழிந்தது.

பரத் இடது பக்கமே போனான். பெஞ்சமின் விட்ட பாய்ச்சலில் இரண்டு பேரும் கோட்டுக்கு இந்தப் பக்கமே விழுந்தார்கள். விசில் ஒலித்தது, அனுமந்தை ஜெயித்தது.

ஆளாளுக்குக் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். ஜெயப்பிரகாஷுக்கு மட்டும் ஆத்திரம் அடங்கவில்லை. அவளைத் தேடிப் போனான். அவளோ மைதானத்துக்குள்ளேயே வந்து, மல்லாந்து கிடந்த பெஞ்சமினின் பக்கத்தில் உட்கார்ந்து பையைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அறிவில்ல ஒனக்கு? எங்க ஆளப் பத்தி அவனுங்களுக்குச் சொல்லிக் குடுக்கிற? இடது முட்டி போச்சுன்னு எவன் சொன்னான் ஒனக்கு?"

அவள் நிமிரவில்லை. தைல பாட்டிலைத் திறந்து, அந்த உறையை மெல்லக் கழற்றினாள்.

"எங்க வூட்டுக்காரருக்குப் போனது வலதுங்க."