மாணவர் சலுகை

"அந்த கம்பெனி வேண்டாம்க்கா" என்று சுருட்டை மூன்றாவது முறையாகச் சொன்னபோது, இவள் எதையோ மறைக்கிறாள் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது.

நேற்று மாலை வரை அவளுக்கும் அதே கம்பெனிதான் வேண்டியிருந்தது.

சமையலறை மேசையைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். நான், சுருட்டை, கடைக்குட்டி. ஒரே கல்லூரி, வெவ்வேறு பாடம். வீட்டு வாடகை ஒப்பந்தம் என் பெயரில், அதனால் இணைய இணைப்பும் என் பெயரில்தான் என்று பேச்சு. வயதில் மூத்தவள் என்பதால் இருவருக்கும் நான் அக்கா.

நான்கு கம்பெனிகளை அலசிப் பார்த்து, மாணவர்களுக்குப் பாதி விலையில் தரும் ஒன்றை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்திருந்தோம். விண்ணப்பத்தை நிரப்பும் வேலையைச் சுருட்டையிடம் ஒப்படைத்து, என் கல்லூரி அட்டையையும் கொடுத்திருந்தேன்.

காலையில் எழுந்து வந்து, வேண்டவே வேண்டாம் என்கிறாள்.

இன்று ஐந்து மணிக்குள் பதிவு செய்தால்தான் சனிக்கிழமை ஆள் வருவார். திங்கட்கிழமை கடைக்குட்டிக்கு வீட்டிலிருந்தே எழுதும் தேர்வு. இத்தனை நாளும் அவளுடைய ஃபோனை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுத்தான் மூவரும் காலத்தை ஓட்டினோம். காற்று பலமாக அடித்தால் பாடம் நின்றுவிடும்.

"சாயங்காலமானா அவங்க லைன் படுத்துடும்" என்றாள் சுருட்டை.

யார் சொன்னது என்று கேட்டேன்.

பிறகு, சுவரில் ஓட்டை போடுவார்கள், வீட்டுக்காரர் கத்துவார் என்றாள். மற்ற கம்பெனிக்காரன் மட்டும் மந்திரம் போட்டா வயரை உள்ளே கொண்டுவருவான்? அதுவும் எடுபடாமல் போகவே, புகார் சொல்லக் கூப்பிட்டால் ஃபோனையே எடுக்க மாட்டார்கள் என்றாள். அவள் கண் முன்னாலேயே கூப்பிட்டேன். இரண்டாவது மணியில் ஒரு பெண் எடுத்து வணக்கம் சொன்னாள்.

சுருட்டை குனிந்து மேசையைப் பார்த்தாள்.

என்னிடம் பொய் செல்லாது. எங்கள் வீட்டில் எனக்கு மோப்ப நாய் என்றே பட்டப்பெயர். ஃபிரிட்ஜைத் திறக்கும் சத்தத்தை வைத்தே திறந்தது யார், எடுத்தது என்ன என்று சொல்லிவிடுவேன். இவளோ மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, நான் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் மூடியைப் பாதி சாய்த்தாள்.

அவள் சிபாரிசு செய்தது வேறொரு கம்பெனி. விலை இரண்டு மடங்கு, சலுகை எதுவும் கிடையாது. அதையும் தன் பெயரிலேயே எடுத்துக்கொள்கிறாளாம். வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம் வாங்கினால் போதுமாம், தானே மூன்றாம் மாடிக்குப் போய் வாங்கிவருவாளாம். துணி காயப்போடக்கூடப் படியேறாதவள்.

அப்போதுதான் பொறி தட்டியது. அவளுடைய பெரியம்மா மகன் அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறான். போன மாதம் கம்பெனிச் சட்டையோடு இங்கே வந்து, டப்பாவில் இருந்த பிஸ்கட்டையெல்லாம் காலி செய்துவிட்டுப் போனான்.

"உங்க அண்ணனுக்கு ஆள் பிடிக்கிறியா?" என்றேன்.

அதுவரை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த கடைக்குட்டி, இப்போது சுருட்டையை மட்டும் பார்த்தாள்.

நான் விடவில்லை. கணினியைக் கொடு, நானே போட்டுக்கொள்கிறேன் என்று கையை நீட்டினேன். கடைக்குட்டியும் என் பக்கம் வந்து நின்றுகொண்டு, "நம்பரை நான் படிக்கிறேன்க்கா" என்று அட்டையைக் கையில் எடுத்தாள்.

சுருட்டை அதை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"ஆமா. ஆள் பிடிச்சா கமிஷன் தர்றான். போதுமா?"

கடைக்குட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. இருவரும் ஒரே அறையில் படுப்பவர்கள், சீப்பு வரை பங்கு போட்டுக்கொள்பவர்கள். "நம்ம வீட்லயேவா?" என்று மட்டும் கேட்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கோ உள்ளூர ஒரே குஷி. பிடித்தேன் பார்த்தாயா என்று. மடிக்கணினியை என் பக்கம் இழுத்துத் திறந்தேன். இந்த முறை சுருட்டை தடுக்கவில்லை.

விண்ணப்பம் நேற்றே நிரப்பப்பட்டிருந்தது. என் பெயர், பிறந்த தேதி, மாணவர் எண் எல்லாம் சரியாகவே இருந்தன. அடியில் சிவப்பு எழுத்தில் இரண்டு வரி.

இந்த எண்ணில் தற்போது எவரும் பயிலவில்லை எனக் கல்லூரி தெரிவிக்கிறது. நீங்கள் மூன்று முறை முயன்றுவிட்டீர்கள்.

அட்டையில் அடுத்த ஆண்டு வரை தேதி இருக்கிறது. அதைக் காட்டினால் போதும் என்று நினைத்திருந்தேன். கல்லூரியிடமே கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

என் பெயரை நீக்கி இருபத்து மூன்று நாள் ஆகிறது. அம்மா அப்பாவுக்குத் தெரியாது. இவர்களுக்கும் தெரியாது என்றுதான் இருந்தேன். தினமும் எட்டரைக்கு இவர்களோடு கிளம்பி, கல்லூரி வாசலில் கையசைத்துவிட்டு, பின்தெரு வழியாகப் பொது நூலகத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன்.

சுருட்டை என் அட்டையை மேசைமேல் வைத்து, மெதுவாக என் பக்கம் நகர்த்தினாள்.

வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

உள்ளே இருந்து கடைக்குட்டியின் குரல் அழுகையோடு வந்தது. "எவ்ளோ தர்றானாம்னு கேளுங்கக்கா!"

எழுந்து போய் அந்தக் கதவைத் தட்டி ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சுருட்டை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோடி தர்றான்?" என்று அவளிடம் கேட்டேன், உள்ளே கேட்கும்படி.