இடது பக்கம்

ஹெட்ஃபோனை எடுத்துப் பரணியே டென்சிலின் தலையில் மாட்டிவிட்டார்.

எது இடது, எது வலது என்று பார்த்து, சரியாகவே மாட்டினார்.

"மெதுவா மேன். இருக்கிறதே நாலு முடி," என்றார் டென்சில்.

அவரும் சிரித்தார். அது சிரிப்பு மாதிரி வரவில்லை.

எதிரே ஆளுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் நிற்கின்றன. அதில் ஒரு தடவை தங்கள் பாட்டைக் கேட்டுவிட வேண்டும் என்றே ராக் பாடுகிற பிள்ளைகள் அவரைத் தேடி வருகிறார்கள். அதில் போட்டிருந்தால் ஒரு காது போதும். எல்லாம் கேட்டுவிடும்.

அதனால்தான் ஹெட்ஃபோன்.

டென்சிலுக்கு இடது காது போய் எத்தனையோ வருடம் ஆகிறது, பாவம்.

பெரம்பூரிலிருந்து பஸ் மாறி, பஸ் மாறி, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறார் மனிதர். கையில் ஒரு டப்பா கல்கல் பலகாரம். "பழைய டேப்பு கெடச்சுதாமே. போடு மேன், கேக்கலாம்."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

டேப் சுற்றத் தொடங்கியது. மெஷினில் சத்தத்தைக் காட்ட இரண்டு முள், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. இரண்டும் ஆடின.

அதைப் பதிவு செய்தது ஒரு தண்ணீர்ப் பஞ்சக் கோடையில். வேப்பேரியில் அவர்கள் இருந்த வீட்டுச் சம்ப், தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி, காய்ந்து கிடந்தது. டிரம்ஸை அதற்குள் இறக்கு என்றார் அவர். கூடவே டென்சிலையும் இறக்கினார். மைக்கைத் தொங்கவிட்டார். மேலே மூடியை முக்கால்வாசி மூடினார்.

அப்படி ஒரு சத்தம் அதுவரை அவர்கள் கேட்டதில்லை.

அந்தச் சத்தம் முழுவதையும் ஸ்டீரியோவில் இடது பக்கம் வைத்தார். தன் பாட்டையும் கிதாரையும் வலது பக்கம். ஏனப்பா இப்படி என்று கம்பெனிக்காரர் கேட்டார். ஊர்வலம் போகும்போது வாசலில் நின்றால் மேளம் ஒரு பக்கமாகத்தானே சார் வருது என்றார்.

பிற்பாடு அவர் பீரோவுக்குள் கிதாரைப் பாட விட்டார். மாடிப்படி வளைவில் பாடகிகளை நிறுத்தினார். பெயர் வந்தது. எல்லாம் அந்தத் தொட்டியிலிருந்து வந்ததுதான்.

பேட்டிக்கு வருகிறவர்கள் தொட்டியைப் பற்றிக் கேட்காமல் போகமாட்டார்கள். அவரும் சொல்லாமல் விட்டதில்லை.

"நான் போதும்னேன். டென்சில்தான் விடலை. இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு வாசிச்சான். காதையே கொடுத்துட்டான்."

இதை முதன்முதலில் டென்சிலிடம்தான் சொன்னார். பதிவு முடிந்த கையோடு, ஆஸ்பத்திரிக் கட்டிலில், காய்ச்சலில் கிடந்த டென்சிலிடம்.

"அப்படியா மேன்? எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல."

நம்பிவிட்டார். பேரப்பிள்ளைகளிடம்கூட அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாராம், பெருமையாக.

கடைசி அடி விழுந்து, அதன் எதிரொலி தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி அடங்கும். இசைத்தட்டில் அதைப் பாதியிலேயே அவர் ஒலி குறைத்து மறைத்துவிட்டிருந்தார். டேப்பில் அது முழுதாக இருக்கிறது. எதிரொலிக்கு அடியில் இரண்டு குரல்களும் இருக்கின்றன.

போன வாரம் பரணி அதைக் கேட்டார். அந்தத் துண்டை வெட்டி எறியக் கத்தரிக்கோலை எடுத்தார். வைத்துவிட்டார்.

டென்சில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தலை ஆடவில்லை. கை ஆடவில்லை.

"உன் பாட்டு சூப்பரா இருக்குடா பரணி. அந்த வயசுல நல்லாத்தான் கத்தியிருக்கே."

கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்.

"நான் எங்கடா?"

கோபமெல்லாம் இல்லை. கூட்டத்தில் எடுத்த போட்டோவில் தன் முகத்தைத் தேடுகிறவர் மாதிரிக் கேட்டார். இனித் தன் டிரம்ஸ் கேட்காதுபோல என்று அவரே முடிவு செய்துகொண்டு, டப்பாவைத் திறந்து கல்கல் ஒன்றை எடுத்தார்.

பரணி எழுந்தார்.

டென்சிலின் தலையிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றினார். திருப்பி மாட்டினார்.

இடது பக்கச் சத்தம் வலது காதுக்கு வந்தது.

கல்கல் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. டென்சிலின் பாதம் தரையைத் தட்டத் தொடங்கியது. விரல்கள் முழங்காலுக்கு வந்தன. முகமே வேறாகிவிட்டது.

"இப்ப நான் இருக்கேன்! உன்னத்தான் காணோம் மேன்!"

காது கேளாதவர்களின் உரத்த குரலில் சொல்லிவிட்டு, ஹோவென்று சிரித்தார்.

பாட்டு முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. பரணியின் விரல் நிறுத்துகிற பொத்தானின் மேல் இருந்தது.

கடைசி அடி.

வலது முள் படுத்துவிட்டது. இடது முள் மட்டும் மெல்ல மெல்ல இறங்கியது.

அழுத்தியிருக்கலாம்.

இறங்கிய முள் சின்னதாக ஒரு தடவை எழுந்தது. அது அன்றைய டென்சில். "பரணி, காதுல கொய்ங்னு கேக்குது மேன். ஈரமா வருது. போதும்டா."

இன்னொரு தடவை எழுந்தது. மூடி இடுக்கில் தலையை விட்டு, டென்சில் காதைப் பொத்தியிருந்த கையைப் பார்த்துக்கொண்டே பரணி கத்தியது. "தண்ணி லாரி வந்துரும்டா. ஒன் மோர்!"

பிறகு முள் எழவில்லை.

டென்சிலின் பாதம் நின்றுவிட்டது. விரல்கள் முழங்காலில் அப்படியே இருந்தன.

டேப் வெறுமனே சுற்றியது. அவர் அதை நிறுத்தவில்லை. உட்காரவும் இல்லை. ஏதாவது சொல்லட்டும் என்று நின்றார்.

டென்சில் கண்ணைத் திறக்கவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. உள்ளங்கையால் அதைக் கேட்கிற காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

மற்ற கையில் ஒரு விரல் உயர்ந்தது.

"ஒன் மோர்," என்றார்.