ஆறு டிகிரி வித்தியாசம்

ஜாதகம் பார்ப்பது நின்றுபோய், யாருக்கு எத்தனை டிகிரியில் பியர் வேண்டும் என்று பார்த்துக் கல்யாணம் முடிக்கும் காலம் அது. திருப்பூரில் நறுமுகையைப் பெண் பார்க்க வந்த இடத்தில், மாப்பிள்ளை இளம்பரிதியின் தாயார் முகம் சுளித்தார்.

"பையனுக்கு மூணு டிகிரியில சில்லுன்னு இருக்கோணுங்க. பொண்ணுக்கு ஒன்பதுங்கறீங்க. ஒரே பிரிட்ஜை வெச்சுக்கிட்டு எப்படிங்க குடும்பம் நடத்துறது?"

பெண்ணின் தகப்பனாருக்கு வியர்த்துவிட்டது. இதற்கு முன் வந்த வரன்களும் இப்படித்தான் கைநழுவிப் போயிருந்தன. "ரெண்டு பேரும் கொஞ்சம் பேசிப் பாக்கட்டுங்களே" என்று கெஞ்சினார்.

இருவரும் மொட்டைமாடிக்குப் போனார்கள். இளம்பரிதிக்குப் பெண்ணைப் பிடித்துப்போயிருந்தது. அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"நான் பியரே குடிக்கறதில்லீங்க. வாடையே ஆகாது. வெளிய தெரிஞ்சா யாரு பொண்ணு குடுப்பாங்கன்னு, மூணுன்னு சொல்லி வெச்சிருக்கேன். அம்மாவுக்கே தெரியாது."

நறுமுகை படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "நானும் வாயில வெச்சதில்லீங்க. ஒன்பதுங்கறது சும்மா வாய்க்கு வந்தது."

அவனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. "அப்ப என்னதான் குடிப்பீங்க?"

"மோர்" என்றாள், கெட்ட வார்த்தை சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தி.

"எனக்கும் மோர்தாங்க."

"பெருங்காயம் போட்டுத்தானுங்களே? அதில்லாம எனக்கு எறங்காது."

பெருங்காய வாசம் பட்டாலே இளம்பரிதிக்குக் குமட்டும். அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"நெறையப் போடோணுங்க" என்றான்.